பரணிலிருந்து இறங்கும் கணினிக்கு எந்த லினக்ஸ்?

எங்கள் ஊர் நூலகத்தின் பின்னறையில் சனிக்கிழமை மாலைகளில் என்னைப் பார்க்கலாம். பாலிடெக்னிக் கணினி ஆய்வகத்தில் 28 ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிறகு நானே ஏற்றுக்கொண்ட பொறுப்பு இது. துணிப்பையில் சுற்றிய மடிக்கணினிகளோடு பிள்ளைகள் வருவார்கள். அவற்றில் பல, அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினிகள். 2011 செப்டம்பரில் அந்தத் திட்டம் தொடங்கியதிலிருந்து அக்காவுக்கோ சித்தப்பாவுக்கோ கிடைத்து, அவர்கள் வேலைக்குப் போனதும் பரணுக்கு ஏறியவை. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமாக வந்துகொண்டிருந்த இலவசப் பாதுகாப்பு அப்டேட்கள் நின்றன. விண்டோஸ் 11-இன் நிபந்தனைகளுக்குள் இந்தப் பழைய இயந்திரங்கள் வருவதில்லை. அதற்குப் பிறகு என்னைத் தேடி வருகிறவர்கள் கூடிவிட்டார்கள்.

எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். "மேடம், இருக்கறதிலேயே ரொம்ப லேசான லினக்ஸ் எது?"

அந்தக் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொன்ன காலங்களில் நான் கொடுத்த பதில்கள் பெரும்பாலும் தவறாகவே போயின. எங்கே தவறின, பிறகு என்ன கற்றுக்கொண்டேன் என்பதை, இந்த வேலையில் புதிதாக இறங்கும் பிள்ளைகளுக்காக எழுதி வைக்கிறேன்.

1. முதலில் ஆளைக் கேளுங்கள்.

"யாரு கண்ணு இதுல உக்காரப்போறது?" என்றுதான் இப்போது நான் திருப்பிக் கேட்கிறேன். வெளிநாட்டில் இருக்கும் பேத்தியோடு வீடியோவில் பேச நினைக்கும் தாத்தாவா, பைத்தான் படிக்கும் பதினோராம் வகுப்புப் பெண்ணா, ஜெராக்ஸ் கடையில் விண்ணப்பம் நிரப்பித் தரும் அண்ணனா? ஒரே மாதிரியான மூன்று மடிக்கணினிகளுக்கு மூன்று பதில் வரும். தாத்தாவுக்கு எழுத்து பெரிதாகத் தெரிய வேண்டும், மெனு நேற்று இருந்த இடத்திலேயே இன்றும் இருக்க வேண்டும், கேமராவும் மைக்கும் சொன்னபடி கேட்க வேண்டும். அந்தப் பெண்ணுக்குக் கொஞ்சம் முரட்டு டிஸ்ட்ரோ கொடுத்தாலும் பாதகமில்லை. முட்டி மோதித் திறக்கும் ஒவ்வொரு கதவும் அவளுக்குப் பாடம். கடைக்காரருக்குப் பிரிண்டரும் ஸ்கேனரும் ஓடாவிட்டால் மற்றதெல்லாம் இருந்தும் இல்லாததுபோலத்தான்.

டிஸ்ட்ரோ என்று நாம் சொல்லும் லினக்ஸ் வழங்கல்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. தனக்குப் பிடித்ததை அடுத்தவர் கணினியில் போட்டுவிடும் பழக்கம் நம் கூட்டத்தில் அதிகம். ஒரு மாதம் கழித்து அந்த வீட்டுக்குப் போனால் கணினி மறுபடி பரணில் இருக்கும்.

2. இயந்திரத்தின் நான்கு விவரங்களை ஒரு தாளில் எழுதுங்கள்.

பிராசஸரின் பெயர் என்ன, அது 64 பிட்டா 32 பிட்டா, ரேம் எவ்வளவு, உள்ளே இருப்பது சுழலும் ஹார்ட் டிஸ்க்கா எஸ்எஸ்டியா. விண்டோஸ் இன்னும் திறக்கிறது என்றால் முதல் மூன்றும் 'சிஸ்டம்' பக்கத்தில் இருக்கும். திறக்கவில்லை என்றால் பென் டிரைவிலிருந்து ஏதாவது ஒரு லினக்ஸை ஓட்டி, அதில் கணினியின் விவரங்களைக் காட்டும் பக்கத்தைப் பாருங்கள்.

நான்கில் தலையாயது 64 பிட் கேள்வி. இன்று நாம் புழங்கும் 64 பிட் பிராசஸர்களை ஏஎம்டி நிறுவனம் 2003-இல் கொண்டுவந்தது. இன்டெலின் கோர் 2 டியோ 2006-இல் வந்தது, அதுவும் 64 பிட்தான். ஆகவே 2008-க்குப் பிறகு வாங்கிய கணினி என்றால் பெரும்பாலும் கவலையில்லை. விதிவிலக்கு, அந்தச் சமயத்தில் விற்ற குட்டி நெட்புக்குகள். அவற்றில் பலவற்றில் இருந்த ஆட்டம் என்270 பிராசஸருக்கு 32 பிட் மட்டுமே தெரியும். இன்னொன்றையும் கவனியுங்கள். 64 பிட் பிராசஸரிலேயே 32 பிட் விண்டோஸ் போட்டு விற்றவர்கள் உண்டு. 'சிஸ்டம்' பக்கத்தில் "32 பிட்" என்று பார்த்தவுடன் மனம் தளர வேண்டாம். அதே வரியில் பிராசஸருக்கு என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள்.

உண்மையிலேயே 32 பிட் என்றால், கணினிக்கு உரியவரிடம் அதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். உபுண்டு, மின்ட், ஃபெடோரா, ஆர்ச் எல்லாம் 32 பிட்டை விட்டுவிட்டன. நீண்ட காலம் தாங்கிப் பிடித்த டெபியனும் 2025 ஆகஸ்டில் வந்த 13-ஆம் பதிப்போடு 32 பிட் கணினிகளில் நிறுவும் வழியை நிறுத்திக்கொண்டது. கூகுள் குரோம் 2016-லேயே 32 பிட் லினக்ஸை விட்டு விலகிவிட்டது. ஃபயர்ஃபாக்ஸின் வழக்கமான பதிப்புகளும் 2025-இல் விலகிவிட்டன. டெபியன் 12-ஐ அடிப்படையாகக் கொண்ட டிஸ்ட்ரோக்களில் அந்தக் கணினிக்கு இன்னும் சில காலம் வாழ்வு உண்டு. பாட்டுக் கேட்க, தமிழ் தட்டச்சுப் பழக, நிரல் எழுதிப் பார்க்க அது போதும். வங்கிக் கணக்கைத் திறக்க அதைக் கொடுக்காதீர்கள்.

3. நகல் எடுக்காமல் கை வைக்காதீர்கள்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு வீட்டுக் கணினியில் இரண்டு ஹார்ட் டிஸ்க்குகள் இருந்தன. எதில் என்ன இருக்கிறது என்று கேட்காமல் பெரியதை அழித்து லினக்ஸ் போட்டேன். அந்த வீட்டுப் பெரியவர் இறப்பதற்கு முன் பாடிப் பதிவு செய்த பாட்டுகள் அதில்தான் இருந்தன. வேறெங்கும் பிரதி இல்லை. அந்த அம்மா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, காபி போட்டுக் கொடுத்து அனுப்பினார். இன்றுவரை அது என் நெஞ்சில் இருக்கிறது. கணினிக்கு உரியவர் பக்கத்தில் உட்கார்ந்து, படங்கள், சான்றிதழ்கள், பாட்டுகள் எல்லாம் வேறு இடத்தில் திறக்கின்றனவா என்று பார்த்து, "எடுத்தாச்சு" என்று தன் வாயால் சொன்ன பிறகே நான் இன்ஸ்டால் பொத்தானை அழுத்துகிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

4. டிஸ்ட்ரோவைத் தேடும் முன் கணினியின் அடி மூடியைத் திறங்கள்.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பத்து வயதான மடிக்கணினி இழுத்துக்கொண்டு நிற்பதற்கு முதல் காரணம் பெரும்பாலும் அதன் ஹார்ட் டிஸ்க். நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் தட்டின்மேல் ஒரு முனை முன்னும் பின்னும் ஓடி ஓடிக் கோப்புகளைப் பொறுக்கி எடுக்கிறது. கணினி பூட் ஆகும்போதும் பிரவுசர் திறக்கும்போதும் ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளை எடுக்க வேண்டியிருக்கும். எந்த லேசான டிஸ்ட்ரோ போட்டாலும் அந்த முனை ஓடித்தான் ஆக வேண்டும். 120 அல்லது 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி ஒன்றை வாங்கி, அதே இடத்தில் அதே திருகுகளால் மாட்டிப் பாருங்கள். இரண்டு மூன்று நிமிடம் பூட் ஆன கணினி அரை நிமிடத்துக்குள் தயாராக நிற்கும். ஒரு பொருளுக்குத்தான் பணம் இருக்கிறது என்று யாராவது கேட்டால் யோசிக்காமல் எஸ்எஸ்டி என்று சொல்லுங்கள்.

அடுத்தது ரேம். விலையில்லா மடிக்கணினிகளின் வயதுக்குப் பெரும்பாலும் டிடிஆர்3 ரேம்தான். பழைய ரேம் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும், மாவட்டத் தலைநகரங்களில் சர்வீஸ் கடைகளிலும் கிடைக்கும். டிடிஆர்3 என்பது 1.5 வோல்ட், டிடிஆர்3எல் என்பது 1.35 வோல்ட். 1.35-ஐ மட்டும் ஏற்கும் கணினியில் பழைய 1.5 ரேமைச் சொருகினால் ஓடாது. ஏற்கெனவே உள்ளே இருக்கும் ரேமைக் கழற்றி, அதன்மேல் ஒட்டியிருக்கும் சீட்டைப் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். 2 ஜிபி 4 ஜிபி ஆனால் உங்கள் முன்னால் இருக்கும் டிஸ்ட்ரோ பட்டியல் இரண்டு மடங்காகும். எல்லாக் கணினிக்கும் இது நடக்காது. முன்பு சொன்ன என்270 நெட்புக்குகள் 2 ஜிபிக்கு மேல் ஏற்பதில்லை.

மின்விசிறியில் பஞ்சுபோல் தூசி அடைந்திருக்கும். தூசியை எடுத்து, பிராசஸர் மேல் காய்ந்து மண்ணாகிப்போன தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகத் தடவுங்கள். சூடு ஏறினால் பிராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அந்த மந்தத்தை டிஸ்ட்ரோவின் தலையில் கட்டுகிறவர்கள் நிறைய.

மதர்போர்டில் ரூபாய்க் காசு அளவில் ஒரு பேட்டரி இருக்கும், சிஆர்2032 என்று பெயர். அது தீர்ந்துபோனால், கரண்ட்டை எடுக்கும்போதெல்லாம் கணினியின் தேதி பல ஆண்டு பின்னால் போய்விடும். இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. தேதி தவறான கணினியில் பிரவுசர் ஒவ்வொரு தளத்தையும் ஆபத்தானது என்று சொல்லி மறுக்கும். இதனால் அடுத்தடுத்து மூன்று டிஸ்ட்ரோ மாற்றிச் சோர்ந்துபோய் ஒரு மாணவன் வந்தான். சில பத்து ரூபாய் பேட்டரியில் தீர்ந்தது.

5. எடை எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

எல்லா டிஸ்ட்ரோவுக்கும் அடியில் இருப்பது 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய அதே லினக்ஸ் கெர்னல்தான். எடை வேறுபடுவது அதன்மேல் உட்காரும் டெஸ்க்டாப்பிலும் பின்னணியில் ஓடும் சேவைகளிலும். உபுண்டுவின் வழக்கமான க்னோம் டெஸ்க்டாப், நீங்கள் எதையும் திறக்கும் முன்பே ஒரு ஜிபிக்கு மேல் ரேமை எடுத்துக்கொள்ளும். எக்ஸ்எஃப்சிஇ அதைவிடக் குறைவு, எல்எக்ஸ்கியூட்டி இன்னும் குறைவு. ஐஸ்டபிள்யூஎம், ஃப்ளக்ஸ்பாக்ஸ் போன்றவை முழு டெஸ்க்டாப்பே இல்லை. சன்னல்களைப் பிடித்து நிறுத்தும் வேலையை மட்டும் செய்பவை. அவற்றைக் கொண்ட டிஸ்ட்ரோ இருநூறு முந்நூறு எம்பியில் எழுந்து நிற்கும். ஆக, "எந்த டிஸ்ட்ரோ" என்று தேடும்போது பாதி நேரம் நீங்கள் தேடுவது "எந்த டெஸ்க்டாப்" என்பதைத்தான்.

6. என் கணக்கு இது.

64 பிட், 4 ஜிபி அல்லது அதற்கு மேல்: லினக்ஸ் மின்ட், எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. இதைவிட லேசானவை உண்டு. ஆனால் விண்டோஸிலிருந்து வருகிற ஒருவர் யாரையும் கேட்காமல் மெனுவைக் கண்டுபிடித்து, வைஃபையை இணைத்து, படம் பார்த்து, கணினியை அணைத்துவிட்டுப் போகக்கூடிய இடம் இதுதான் என்பது என் அனுபவம். எஸ்எஸ்டியும் இருந்தால் வேறு எதையும் தேட வேண்டாம்.

64 பிட், 2 ஜிபி: இங்கேதான் நான் அதிகம் யோசிப்பேன். எல்எக்ஸ்கியூட்டியோடு வரும் லுபுண்டு, டெபியனை அடிப்படையாகக் கொண்ட எம்எக்ஸ் லினக்ஸ், இரண்டும் ஓடும். எனக்கு எம்எக்ஸ் மேல் சாய்வு உண்டு. பென் டிரைவ் தயாரிப்பது முதல் அமைத்த கணினியை அப்படியே படம் பிடித்து வைத்துக்கொள்வது வரை அதன் சொந்தக் கருவிகள் அருமையானவை. 2 ஜிபி கணினிக்கு அதன் ஃப்ளக்ஸ்பாக்ஸ் பதிப்பை எடுங்கள். பழைய கேடிஇ 3.5-இன் வழியில் வந்த டிரினிட்டி டெஸ்க்டாப்போடு இருக்கும் கியூ4ஓஎஸ்ஸும் விண்டோஸ் எக்ஸ்பி பழகிய முதியவர்களுக்குப் பொருந்தும். தொடக்க மெனு அவர்கள் எதிர்பார்க்கும் மூலையிலேயே இருக்கும்.

1 ஜிபி, அல்லது 32 பிட்: ஆன்டிக்ஸ். கிரேக்க நாட்டிலிருந்து வருவது, டெபியன் அடிப்படை, பின்னணிச் சேவைகளைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டி இல்லாதது. பார்வைக்கு எளிமையானது, முதல் நாள் கொஞ்சம் அந்நியமாக இருக்கும். இத்தனை சிறிய ரேமில் இவ்வளவு முழுமையான, அப்டேட்கள் ஒழுங்காக வருகிற டிஸ்ட்ரோ வேறு எனக்குத் தெரியாது.

அதற்கும் கீழே என்றால் அடுத்த எண்ணைப் படியுங்கள்.

7. பப்பிக்கும் டைனி கோருக்கும் தனி இடம் உண்டு.

ஆஸ்திரேலியாவின் பேரி காவ்லர் 2003-இல் தொடங்கிய பப்பி லினக்ஸ், சில நூறு எம்பிக்குள் அடங்கி, முழுவதும் ரேமில் ஏறிக்கொண்டு ஓடும். ஹார்ட் டிஸ்க் செத்துப்போன கணினியைப் பென் டிரைவ் ஒன்றால் எழுப்ப வேண்டுமா, கெட்டுப்போன விண்டோஸிலிருந்து படங்களை மீட்க வேண்டுமா, பப்பியைக் கூப்பிடுங்கள். அதில் வழக்கமாக நிர்வாகி உரிமையோடுதான் எல்லாம் ஓடும். வீட்டில் நாலு பேர் இணையத்துக்குப் பயன்படுத்தும் கணினியில் நிரந்தரமாக அதை வைக்க நான் விரும்பமாட்டேன்.

டைனி கோர், வரைகலை டெஸ்க்டாப்போடு சேர்த்தே ஏறத்தாழ 25 எம்பிதான். ஒரு பாட்டுக் கோப்பு நான்கைந்தின் அளவு. பிரவுசர், எழுத்துரு, வைஃபை எல்லாம் நாமே ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். லினக்ஸ் எப்படிக் கட்டப்படுகிறது என்று கற்க அதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடைக்காது. தாத்தாவுக்கு அது வேண்டாம்.

8. பிரவுசர்தான் மூட்டை.

இருநூறு எம்பியில் எழுந்து நிற்கும் டிஸ்ட்ரோவைக் காட்டிப் பெருமைப்படும் பிள்ளைகளிடம், யூடியூபைத் திறந்துவிட்டு மறுபடி அளந்து காட்டச் சொல்வேன். ஒரே பக்கம் சில நூறு எம்பியைத் தின்றிருக்கும். டெஸ்க்டாப்பில் மிச்சம் பிடித்த இருநூறு எம்பி, பிரவுசரில் திறந்து வைத்த ஒரு பக்கத்துக்குப் போதாது. அதனால் டிஸ்ட்ரோ தேர்வுக்குச் செலவிடும் அக்கறையில் பாதியையாவது பிரவுசருக்குக் கொடுங்கள். விளம்பரத் தடுப்பான் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள், ஃபயர்ஃபாக்ஸில் யூபிளாக் ஆரிஜின் போதும். பக்கம் எடை குறைந்து வரும். பழைய கணினிகளின் வரைகலைச் சில்லுகளுக்கு எச்.264 வகை வீடியோவைப் பிரிக்கத் தெரியும். யூடியூப் இப்போது அதிகம் அனுப்பும் விபி9, ஏவி1 வகைகள் அவற்றுக்குத் தெரியாது. அந்த வேலை முழுவதும் பிராசஸர் தலையில் விழும், விசிறி அலறும். எச்264இஃபை என்ற சிறு நீட்சியைப் போட்டால் எச்.264-ஐ மட்டுமே கேட்டு வாங்கும். வீடியோவின் தரத்தை 480பி-இல் வையுங்கள். 14 அங்குலத் திரையில் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது.

இசட்ராம் என்ற ஏற்பாட்டையும் இயக்குங்கள். ரேமில் சும்மா கிடப்பதைச் சுருக்கி ரேமிலேயே வைத்துக்கொள்ளும். 2 ஜிபி கணினி மூச்சுத் திணறாமல் இருக்க அது பெரிய துணை.

9. எத்தனை ஆண்டு பராமரிப்பு என்று பார்க்காமல் எதையும் போடாதீர்கள்.

அழகான டிஸ்ட்ரோ ஒன்று கண்ணில் படும். அதன் பின்னால் எத்தனை பேர் இருக்கிறார்கள்? கிரன்ச்பேங் என்று ஒன்று இருந்தது. பழைய கணினிகளில் அது ஓடிய அழகை இன்றும் நினைத்துப் பார்ப்பேன். ஒருவரே தாங்கி நடத்தியது. 2015 பிப்ரவரியில் அவர் நிறுத்திக்கொள்வதாக அறிவித்தார். பன்சன்லேப்ஸ் என்ற பெயரில் வேறு சிலர் அதைத் தொடர்ந்தார்கள் என்பது நல்ல செய்திதான். ஆனால் அதைப் போட்டுக் கொடுத்த வீடுகளுக்கெல்லாம் நான் மறுபடி போக வேண்டியிருந்தது.

உபுண்டுவின் கிளைகளான லுபுண்டு, சுபுண்டு போன்றவற்றில், எல்டிஎஸ் எனப்படும் நீண்ட காலப் பதிப்புக்கு 3 ஆண்டும் இடைப்பட்ட பதிப்புகளுக்கு 9 மாதமும்தான் பராமரிப்பு. மின்ட்டின் 22-ஆம் வரிசைக்கு 2029 வரை உண்டு. கிராமத்தில் ஒரு கணினியை அமைத்துக் கொடுத்துவிட்டு ஊர் திரும்புகிறவருக்கு இந்த எண்களைவிட முக்கியமானது எதுவும் இல்லை. 9 மாதப் பதிப்பைப் பிறர் கணினியில் போடுவதைத் தவறு என்றே சொல்வேன்.

10. நிறுவும் முன் லைவாக ஓட்டுங்கள்.

வென்டாய் என்ற கருவியால் ஒரு பென் டிரைவைத் தயார் செய்துகொண்டால், நான்கைந்து டிஸ்ட்ரோவின் ஐஎஸ்ஓ கோப்புகளை அதில் சும்மா காப்பி செய்தாலே போதும், பூட் ஆகும்போது பட்டியல் வரும். ஒவ்வொன்றையும் நிறுவாமலே ஓட்டிப் பாருங்கள். வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க முடிகிறதா, மூடியைச் சாத்தித் திறந்தால் எழுகிறதா, கேமரா தெரிகிறதா. சில பழைய வைஃபை சில்லுகளுக்குத் தனி ஃபர்ம்வேர் வேண்டும். டெபியன் 12 முதல் அது நிறுவியோடு சேர்ந்தே வருகிறது, அதற்கு முன் தனியாகத் தேட வேண்டியிருந்தது. அப்படியும் பிடிக்காவிட்டால் உங்கள் செல்போனை யூஎஸ்பி கம்பியால் இணைத்து அதன் இணையத்தைக் கொடுத்து, வேண்டியதை இறக்குங்கள்.

பென் டிரைவில் ஓடும்போது எல்லாம் கொஞ்சம் மெதுவாகத்தான் இருக்கும். அதை வைத்து வேகத்தைத் தீர்மானிக்க வேண்டாம்.

11. தமிழ் தெரிகிறதா, தமிழ் எழுத முடிகிறதா என்று பாருங்கள்.

லேசான டிஸ்ட்ரோக்கள் இடத்தை மிச்சப்படுத்த முதலில் கழற்றி வைப்பது நம் எழுத்துருக்களைத்தான். செய்தித்தாள் பக்கத்தைத் திறந்தால் கட்டம் கட்டமாக வரும். லோகித் தமிழ், நோட்டோ சான்ஸ் தமிழ் இரண்டில் ஒன்றைச் சேர்த்தால் சரியாகிவிடும். எழுதுவதற்கு ஐபஸ்ஸும் எம்17என் தொகுப்பும் போடுங்கள். அதில் தமிழ்99 உண்டு, ஒலிபெயர்ப்பு உண்டு, தட்டச்சுப் பள்ளியில் படித்தவர்களுக்கான பழைய டைப்ரைட்டர் விசை அமைப்பும் உண்டு. பெரிய டெஸ்க்டாப்களில் ஐபஸ் தானாக எழுந்துகொள்ளும். ஐஸ்டபிள்யூஎம், ஃப்ளக்ஸ்பாக்ஸில் அதைத் தொடக்கப் பட்டியலில் நாமே சேர்க்க வேண்டும். இது தெரியாமல் "நேத்து வந்துச்சு, இன்னைக்குத் தமிழ் வரலை" என்று வருகிறவர்கள் அதிகம். ஒருமுறை அணைத்து எழுப்பி, தமிழில் ஒரு வரி அடித்துப் பார்த்த பிறகே கணினியைக் கையில் கொடுங்கள்.

இன்னொன்று, அச்சகத்தாரும் பழைய எழுத்தாளர்களும் கொண்டுவரும் கோப்புகள். பாமினி, வானவில் போன்ற யூனிகோடு அல்லாத எழுத்துருக்களில் அடித்தவை அவை. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியும் கலந்து குப்பையாகத் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று எண்ணி அழித்துவிடாதீர்கள். அந்த எழுத்துருக் கோப்பை லினக்ஸில் வீட்டு அடைவின் எழுத்துருப் பகுதியில் போட்டால் லிபர்ஆஃபிஸில் திறந்து படிக்கலாம். யூனிகோடுக்கு மாற்ற நினைப்பவர்களுக்குப் பைத்தானில் எழுதிய ஓப்பன்-தமிழ் தொகுப்பில் அதற்கான நிரல்கள் இருக்கின்றன. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரின் இருபது ஆண்டுக் கட்டுரைகளை அப்படி மீட்டுக் கொடுத்த நாள் எனக்கு நிறைவான நாள்.

12. "இதுக்கு லினக்ஸ் வேண்டாம்" என்று சொல்லவும் பழகுங்கள்.

டேலியில் கணக்கு எழுதும் கடை, பேஜ்மேக்கரில் பத்திரிகை அடிக்கும் அச்சகம், இவர்களின் பிழைப்பு விண்டோஸில் இருக்கிறது. ஆர்வத்தில் மாற்றி வைத்தால் மறுநாள் காலை அவர்கள் கடை திறக்க முடியாது. பிரிண்டரையும் முன்பே விசாரியுங்கள். எச்பியின் பெரும்பாலான பிரிண்டர்கள் எச்பிலிப் என்ற மென்பொருள் வழியாக லினக்ஸில் சுலபமாக ஓடும், சிலவற்றுக்குக் கூடுதல் செருகுநிரல் ஒன்று இறக்க வேண்டும். நம் ஊர்க் கடைகளில் நிறைய இருக்கும் கேனான் எல்பிபி2900, கேப்ட் என்ற தனி முறையில் இயங்குவது, லினக்ஸில் அதை ஓட்டப் பொறுமை வேண்டும்.

13. முழு டிஸ்க்கையும் லினக்ஸுக்கே கொடுங்கள்.

விண்டோஸும் லினக்ஸும் பக்கத்தில் பக்கத்தில் என்ற ஏற்பாட்டைப் பழைய கணினியில் நான் செய்வதில்லை. விலையில்லா மடிக்கணினிகளில் முதலில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்த்தே கொடுத்தார்கள். டெபியனை அடிப்படையாகக் கொண்டு மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது அது. நல்ல முயற்சி. நான் பார்த்த வீடுகளில் பூட் ஆகும்போது வரும் பட்டியலில் மேலே இருந்ததைத்தான் எல்லோரும் திறந்தார்கள், மற்றது சும்மாதான் கிடந்தது.

14. போட்டுக் கொடுத்துவிட்டு எழுந்து போகாதீர்கள்.

ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்காருங்கள். மவுஸ் அவர்கள் கையில் இருக்கட்டும், உங்கள் கை மடியில் இருக்கட்டும். வைஃபையை அவர்களே இணைக்கட்டும், பென் டிரைவைச் சொருகிக் கழற்றட்டும், அப்டேட் என்று வந்தால் எங்கே அழுத்துவது என்று அவர்களே செய்து பார்க்கட்டும். எந்த இடத்தில் தயங்குகிறார்கள் என்று கவனித்து, அந்தக் குறியீட்டை முகப்பில் கொண்டுவந்து வையுங்கள், எழுத்தைப் பெரிதாக்குங்கள். டிஸ்ட்ரோவின் பெயர், பதிப்பு எண், பராமரிப்பு முடியும் ஆண்டு, இவற்றை ஒரு சீட்டில் தமிழில் எழுதிக் கணினியின் அடியில் ஒட்டுங்கள். அடுத்து அதைத் திறப்பவர் யாராக இருந்தாலும் அது உதவும்.

15. தனியாக முட்டிக்கொள்ளாதீர்கள்.

சென்னையில் லினக்ஸ் பயனர் குழு பல்லாண்டாக இயங்குகிறது, காஞ்சியிலும் விழுப்புரத்திலும் குழுக்கள் உண்டு. கணியம் இதழ் 2012 முதல் கட்டற்ற மென்பொருளைத் தமிழில் எழுதிவருகிறது. கேட்டால் பொறுமையாகச் சொல்லித் தருகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். கேட்கும்போது, தாளில் எழுதிய அந்த நான்கு விவரங்களையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள், பதில் சீக்கிரம் வரும்.

உங்கள் வீட்டுப் பரணில் ஒரு மடிக்கணினி இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை இறக்குங்கள். துடைத்து, சார்ஜரைத் தேடிச் சொருகி, எழுகிறதா என்று பாருங்கள். எழுந்தால் முதலில் உள்ளே இருக்கும் படங்களை வேறு இடத்தில் வைத்துவிட்டு, தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.